மலையடிவாரத்து மழைக்காலம்: வாசகர் கேள்வி – பதில்

பருவமழை நெருங்கும்போதெல்லாம் இந்தப் பகுதிக்கு மலையோரத்து ஊர்களிலிருந்து கடிதங்கள் கூடுதலாக வருகின்றன. இம்முறை ஜவ்வாது மலை, ஏலகிரி, அல்லேரி, பீஞ்சமந்தை ஆகிய மலை ஊர்களிலிருந்தும், ஒடுகத்தூர், ஆலங்காயம், குடியாத்தம், பேரணாம்பட்டு ஆகிய அடிவாரத்து ஊர்களிலிருந்தும் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பழைய வட ஆற்காடு மாவட்டம் இன்று வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை, திருவண்ணாமலை என்று நான்காகப் பிரிந்துவிட்டது. ஆனால் ஒரு மாவட்டத்து மலையில் பெய்த மழை அடுத்த மாவட்டத்து ஏரியில்தான் வந்து சேர்கிறது. ஆகையால் மாவட்ட எல்லை பார்க்காமல் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

2024-இல் வயநாட்டில் நடந்தது போன்ற நிலச்சரிவு எங்கள் ஜவ்வாது மலையில் நடக்குமா? நடக்காது என்று பெரியவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள்.
— வாசகர் ஒருவர், ஜமுனாமரத்தூர்

பெரியவர்களின் உறுதிக்குக் காரணம் இருக்கிறது. வயநாடு மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் சரிவு அது. 2024 ஜூலை 30 விடியற்காலையில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களைச் சேறும் பாறையும் அடித்துச் சென்றதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அங்கே 500 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியிருந்தது. வேலூர் வட்டாரத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையே சராசரியாக ஏறத்தாழ 1000 மி.மீ.தான். நம்முடையது கிழக்குத் தொடர்ச்சி மலை. பல இடங்களில் மண்போர்வை மெல்லியது, அதன் கீழே கெட்டியான பாறை. ஊரையே மூடும் அளவுக்கு மண் ஒரே வீச்சில் இறங்கி வருவதற்கான வாய்ப்பு இங்கே குறைவு என்பது பொதுவாகச் சரி.

ஆனால் "நடக்காது" என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த பிறகு உள்நாட்டில் மெதுவாக நகர்ந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவான மழை 500 மி.மீ.க்கும் மேல். ஊத்தங்கரை எங்கே இருக்கிறது? உங்கள் மலைக்குத் தென்மேற்கே, திருப்பத்தூரை ஒட்டி. அந்த மேகக் கூட்டம் சற்றே வடகிழக்காக நின்றிருந்தால் அதே மழையை உங்கள் மலைச்சரிவு வாங்கியிருக்கும். வயநாட்டில் இரண்டு நாளில் பெய்ததற்கு ஈடான மழை நம் பக்கத்து வட்டத்தில் ஒரே நாளில் பெய்து முடிந்திருக்கிறது என்பதைப் பெரியவர்களிடம் மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். அவர்களுடைய அனுபவம் உண்மையானது. அந்த அனுபவத்தில் இப்படி ஒரு மழை இல்லை, அவ்வளவுதான்.

அதே புயலில், டிசம்பர் 1 அன்று, திருவண்ணாமலை நகரத்தில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்ததில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். இலட்சக்கணக்கானோர் ஆண்டு முழுவதும் கிரிவலம் வரும் மலை அது. அங்கே இப்படி நடக்கும் என்று எத்தனை பேர் எதிர்பார்த்திருப்பார்கள்? அவ்வாண்டு கார்த்திகை தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. சரிவு நிலையாக இல்லை என்பதே காரணம். நம் மலைகளில் நாம் அஞ்ச வேண்டியது ஊர் மூழ்கும் சரிவைவிட, இப்படி ஒரு தெருவின் மேல், ஒரு வீட்டின் மேல் இறங்கும் சிறு சரிவைத்தான். அது படத்தில் சிறியது. அந்த வீட்டுக்கு அதுவே முழு உலகம்.

அடிவாரத்தில் மேட்டை வெட்டிச் சமப்படுத்தி வீடு கட்டியிருக்கிறோம். வீட்டின் பின்னால் பன்னிரண்டு அடி உயரத்துக்கு நெட்டுக்குத்தாக மண் நிற்கிறது. நான்கு மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. பயப்பட வேண்டுமா?
— இல்லத்தரசி, ஒடுகத்தூர் அருகே

அம்மா, நான்கு மழைக்காலம் நின்றது என்பதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சரிவின் அடியை வெட்டும்போது, மேலிருக்கும் மண்ணைத் தாங்கிக்கொண்டிருந்த காலை வெட்டிவிடுகிறோம். காய்ந்த மண் தன் பிடிப்பினால் சில ஆண்டுகள் நின்றுவிடும். ஒவ்வொரு மழையிலும் தண்ணீர் உள்ளே இறங்கி, பாறைக்கும் மண்ணுக்கும் இடையே சேர்ந்து, பிடிப்பைத் தளர்த்துகிறது; தண்ணீர் ஏறிய மண் கனமும் ஆகிறது. பிடிப்பு குறைந்து கனம் கூடுகிற அந்தச் சேர்க்கைதான் சரிவு. ஆகையால் ஒரே நாளில் கொட்டும் மழையைவிட, மூன்று நான்கு நாள் விடாமல் ஊறப் பெய்துவிட்டு, ஐந்தாம் நாள் கொட்டும் மழை உங்கள் வீட்டுக்கு அதிக ஆபத்தானது.

இந்தக் குறிகளைப் பாருங்கள். வெட்டிய மேட்டின் தலைப்பில், விளிம்புக்கு நாலைந்து அடி பின்னால், நீளவாக்கில் புதிய வெடிப்பு ஓடுகிறதா? மேட்டின் மேலிருக்கும் மரமோ, வேலிக்கல்லோ, மின்கம்பமோ வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறதா? இதுவரை ஈரம் காணாத இடத்தில் ஊற்றுப் போலத் தண்ணீர் கசிகிறதா, தெளிவாகக் கசிந்த தண்ணீர் திடீரென்று கலங்கலாக வருகிறதா? இதுவரை எளிதாகச் சாத்த முடிந்த பின்கதவு இறுகிப் பிடிக்கிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் மழை நாட்களில் அந்த வீட்டில் படுக்காதீர்கள். மழையின் நடுவே சிறு கற்கள் உருளும் ஓசையோ, வேர் அறுபடுவது போன்ற ஓசையோ கேட்டால், பொருளை எடுக்க நிற்காமல் பக்கவாட்டில் விலகி ஓட வேண்டும். சரிவின் திசையிலேயே கீழ்நோக்கி ஓடக் கூடாது.

செய்ய வேண்டிய வேலையில் முதலாவது தண்ணீரைத் திருப்புவது. மேட்டின் தலைப்புக்குப் பின்னால் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் நீர் வெட்டின் முகத்தில் வழியாமல் ஓரமாகப் போகும்படி செய்யுங்கள். வெடிப்பு இருந்தால் அதைக் களிமண்ணால் இடித்து மூடி, அதன் மேல் தார்ப்பாய் விரியுங்கள். குளியலறை நீரும் கழிவறைத் தொட்டியின் நீரும் அந்த மேட்டுக்குள் இறங்கக் கூடாது. தடுப்புச் சுவர் கட்டுவதாயின், பின்னால் சேரும் தண்ணீர் வெளியேறச் சுவரில் துளைக்குழாய்களும், அவற்றுக்குப் பின்னால் ஜல்லி அடுக்கும் கட்டாயம் வேண்டும். துளையில்லாத சுவர் ஓர் அணை. நிறைந்தால் அது மண்ணோடு சேர்ந்து வீட்டின் மேல் விழும். நம் பக்கத்தில் பல இலட்சம் செலவழித்துக் கட்டிய சுவர்களில் இந்தத் துளைகள் இல்லாததைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஒரு சில குழாய்த் துண்டுகளின் செலவு அது.

இயலுமானால் படுக்கை அறையை வீட்டின் முன்பக்கத்துக்கு மாற்றுங்கள். மேட்டைத் தொடும் பின் அறையில் குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள். இதற்குப் பணம் வேண்டாம், இன்றிரவே செய்யலாம்.

எங்கள் குடியிருப்புக்கு மேலே ஒரு பெரிய குண்டுப் பாறை தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதை வெடி வைத்து உடைக்கலாமா?
— வாசகர், ஏலகிரி அடிவாரம்

நீங்களாக உடைக்கக் கூடாது. அனுமதியில்லாமல் வெடி வைப்பது குற்றம் என்பது ஒருபுறம். அந்த அதிர்வில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேறு கற்கள் இளகிவிடும் என்பது மறுபுறம். நம் மலைகளில் காணப்படும் உருண்டைப் பாறைகள் பெரும்பாலும் மேலிருந்து உருண்டு வந்தவை அல்ல. பாறை இருந்த இடத்திலேயே வெடிப்புகளின் வழியாகப் பல்லாயிரம் ஆண்டுகள் தண்ணீர் இறங்கி, ஓரங்கள் மட்கி மண்ணாகிப் போக, நடுவில் மட்காமல் எஞ்சிய கரு அது. அதாவது அந்தக் குண்டு உட்கார்ந்திருப்பது அதைச் சுற்றி மட்கிய மண்ணின் மேல். அந்த மண்ணை மழை அரித்துக்கொண்டே இருக்கிறது. நாமும் மண்ணுக்காகத் தோண்டினால் அரிப்பு விரைவாகும்.

பாறையின் அடியில் மண் குடைந்து போயிருக்கிறதா என்று கோடையில் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதே இடத்தில் நின்று மறுபடியும் எடுங்கள். மாற்றம் தெரிந்தால் அந்த இரண்டு படங்களையும் இணைத்து வட்டாட்சியருக்கு மனு எழுதி, புவியியல் மற்றும் சுரங்கத் துறையினர் வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். "பாறை ஆபத்தாக இருக்கிறது" என்ற மனுவைவிட, "ஜூன் மாதம் இப்படி இருந்தது, நவம்பரில் இப்படி இருக்கிறது" என்ற மனு விரைவாக நகரும். ஏலகிரி மலைச்சாலையில் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டப்பட்ட 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் மழைக்காலத்தில் இதே எச்சரிக்கை பொருந்தும். தொடர் மழையின்போது மலைவெட்டை ஒட்டி வண்டியை நிறுத்தித் தேநீர் குடிப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் ஒரு கானாற்றைக் கடக்க வேண்டும். முழங்கால் தண்ணீர்தான் என்று பெற்றோர் அனுப்பிவிடுகிறார்கள். எந்த அளவு வந்தால் தடுக்க வேண்டும்?
— ஆசிரியை, ஆலங்காயம் ஒன்றியம்

டீச்சர், முழங்கால் தண்ணீர் என்பது ஏரியில் முழங்கால். கானாற்றில் அது வேறு. ஓடுகிற தண்ணீரின் தள்ளுவிசை அதன் வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடையில் அரை அடி வேகத் தண்ணீரே நின்றிருப்பவரின் காலை வாரிவிடும். ஒன்றரை, இரண்டு அடித் தண்ணீர் மகிழுந்தையே தூக்கிக்கொண்டு போகும். எட்டு வயதுப் பிள்ளையின் எடையை நினைத்துப் பாருங்கள். ஆகவே என் விடை கடுமையானது: தரைப்பாலத்தின் மேல் கலங்கல் தண்ணீர் வழிகிறது என்றாலே பிள்ளைகள் கடக்கக் கூடாது. கணுக்கால் அளவு என்றாலும் கூடாது; கலங்கல் நீருக்கடியில் பாலத்தின் ஓரம் அரித்துப் போயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

பெற்றோர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் கானாற்றுக்கு மலையில் ஒரே ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு இருப்பதாகக் கொள்வோம். அங்கே 100 மி.மீ. மழை பெய்தால் இறங்குவது 10 கோடி லிட்டர். அதில் பாதியை மண்ணும் மரமும் குடித்துவிட்டாலும் மீதி ஐந்து கோடி லிட்டர், ஒரு சில மணி நேரத்தில், அந்த ஒற்றைத் தரைப்பாலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். முதல் நாளே மண் நனைந்திருந்தால் பாதியைக்கூடக் குடிக்காது.

இன்னொன்று, இதுதான் பல உயிர்களைக் கொள்வது: பள்ளிக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதும் கானாறு வரும். மழை மலையின் மறுமுனையில் பெய்திருக்கும். நுரையும் சருகும் மிதந்து வருவது, தண்ணீரின் நிறம் மாறுவது, மேலேயிருந்து கற்கள் உருளும் இரைச்சல், இவையெல்லாம் வெள்ளத்தின் முன்தூது. அப்போது ஓடைக்குள் குளிப்பவர்களும் மாடு கழுவுபவர்களும் உடனே கரையேற வேண்டும். மலை ஊரில் கைப்பேசி வைத்திருக்கும் ஒருவரிடம் "மேலே கனமழை என்றால் ஒரு அழைப்பு கொடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். அந்த ஓர் அழைப்பு, எந்தக் கருவியையும்விட உங்கள் பள்ளிக்குப் பயன்படும். மாலை வகுப்பு முடிந்து கடக்க முடியாத நாளில் பிள்ளைகளைத் தங்கவைக்கப் பள்ளி இருக்கும் கரையிலேயே இரண்டு வீடுகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் நல்லது. ஏற்பாடு இல்லாத பள்ளிதான் "போய்விடுங்கள், பார்த்துப் போங்கள்" என்று அனுப்பிவிடுகிறது.

கவுண்டன்யா ஆற்றங்கரையில் குடியிருக்கிறோம். மேலே மோர்தானா அணை இருக்கும்போது எங்களுக்கு எப்படி வெள்ளம் வருகிறது?
— வாசகர், குடியாத்தம்

அணை காலியாக இருக்கும்போது வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். நிறைந்த பிறகு வருகிறதை அப்படியே கீழே விட்டுவிடும். மோர்தானாவின் கொள்ளளவு ஏறத்தாழ 261 மில்லியன் கன அடி. அது சிறிய அணை. ஆந்திர எல்லைக் காடுகளில் தொடர்ந்து பெய்தால் பருவத்தின் தொடக்கத்திலேயே அது நிறைந்துவிடும். ஆகவே "அணை நிரம்பிவிட்டது" என்ற செய்தியை நீங்கள் மகிழ்ச்சிச் செய்தியாக மட்டும் படிக்கக் கூடாது. இனி உங்களுக்கும் மழைக்கும் இடையே தடுப்பு இல்லை என்றும் படிக்க வேண்டும். அன்றிலிருந்து ஆற்றங்கரையில் இரவு உறக்கத்தை ஒருவர் மாற்றி ஒருவர் காத்துக்கொள்ளுங்கள். ஏரிகளுக்கும் இதே விதி. ஏரி கோடி போகத் தொடங்கினால் ஊரே வேடிக்கை பார்க்கப் போகிறது. போகட்டும், அத்தனை ஆண்டு வறட்சி கண்ட மக்கள். ஆனால் போகிறவர்களில் இரண்டு பேர் கரையின் வெளிப்பக்கம் நடந்து, எங்கேனும் நீர் கசிகிறதா, எலி வளை வழியாக மண் கரைந்து வருகிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

1903 நவம்பரில் பாலாற்றின் மேற்பகுதியில், அன்றைய மைசூர் சமஸ்தானத்தில், ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம்தான் வாணியம்பாடியில் ஏராளமான உயிர்களைக் கொண்டு போனது. மழை அங்கே, ஏரி அங்கே, சாவு இங்கே. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியபோது, மணலாகவே பார்த்துப் பழகிய ஆற்றுக்குள் வீடு கட்டியிருந்தவர்கள் முதன்முறையாக அது ஆறு என்பதை அறிந்தார்கள்.

2021-இல் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் நில அதிர்வு வந்தது. பெரிய பூகம்பம் வருமா?
— கல்லூரி மாணவர், பேரணாம்பட்டு

2021 நவம்பர் 29 விடியற்காலையில் வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே பதிவான அதிர்வின் அளவு 3.6. தூங்குபவரை எழுப்பும், பாத்திரத்தை அசைக்கும். ஒழுங்காகக் கட்டிய வீட்டை இடிக்காது. 2002-இல் வெளியிடப்பட்ட நிலநடுக்க வரைபடத்தில் வேலூர் மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்டது. எப்போது வரும் என்று நாள் குறித்துச் சொல்லும் அறிவியல் உலகில் எங்கும் இல்லை. அப்படிச் சொல்லிக் கைப்பேசியில் வரும் செய்தியைப் பரப்பாதீர்கள்.

ஆனால் தம்பி, அந்த அதிர்வுக்குப் பத்து நாள் முன்பு, நவம்பர் 19 அன்று, உங்கள் ஊரிலேயே கனமழையில் வீடு இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்ததை மறந்துவிடக் கூடாது. அதிர்வைப் பற்றி எனக்கு வந்த கடிதங்களில் பத்தில் ஒரு பங்குகூட ஊறிய சுவரைப் பற்றி வருவதில்லை. நம் வட்டாரத்தில் மழைக்கால மரணங்களில் சுவர் இடிந்து நேர்பவை எத்தனை என்று ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாளைப் பார்த்தாலே தெரியும். மண் சாந்தில் கட்டிய பழைய சுவர், பூச்சு உதிர்ந்து, அடியில் தண்ணீர் தேங்கி நின்றால், வெயில் வந்த மறுநாள்கூட விழும்; காய்ந்து சுருங்கும்போது பிடிப்பு விடுவதே காரணம். உங்கள் சுவரை மட்டுமல்ல, உங்கள் வீட்டின் மேல் விழக்கூடிய பக்கத்து வீட்டு உயரமான சுவரையும் பாருங்கள்.

மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் எங்கள் மலை ஊருக்கு ஆம்புலன்ஸ் வருவதில்லை. நாங்கள் என்ன செய்வது?
— மகளிர் குழு உறுப்பினர், அல்லேரி மலை

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 2023 மே மாதத்தில் உங்கள் மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைத் தாய் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்ததை நாடே பார்த்தது. அன்று மண்சரிவு இல்லை, புயல் இல்லை. வாகனம் போகும் சாலை இல்லை, அவ்வளவே. பேரிடர் என்று நாம் சொல்வது மழையால் மட்டும் ஆவதில்லை. உதவி வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதாலும் ஆகிறது. நல்ல சாலையைக் கேட்பதை நீங்கள் நிறுத்தவே கூடாது. அதோடு, சாலை போடும்போது மலையை வெட்டும் இடங்களில் ஓரக் கால்வாயும் சிறுபாலங்களும் திட்டத்திலேயே இருக்கின்றனவா என்று கிராம சபையில் கேளுங்கள். வடிகால் இல்லாத மலைச்சாலை முதல் பெருமழையில் தானே சரிந்து உங்களை மறுபடியும் தனியாக்கிவிடும்.

அதுவரை, மழைக்கு முன்பே செய்யக்கூடியவை உண்டு. எட்டு மாதம் கடந்த கர்ப்பிணிகளை ஐப்பசி, கார்த்திகையில் மலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். பழங்குடிப் பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கும் காத்திருப்பு அறைகள் ஏற்படுத்தப்பட்டிருக்கின்றன, அவற்றைக் கிராமச் செவிலியரிடம் கேட்டுப் பயன்படுத்துங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய், வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்து உண்பவர்களுக்கு ஒரு மாத மருந்தை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். நடக்க இயலாதவர்கள் யார் யார், அவர்களைத் தூக்க நான்கு பேர் யார் யார் என்று உங்கள் குழுவின் நோட்டில் பெயர் எழுதுங்கள். உறுதியான டோலி ஒன்று, தார்ப்பாய், கயிறு, டார்ச் விளக்கு ஆகியவை பள்ளிக்கூடத்தில் பூட்டில்லாமல் இருக்கட்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல், அசையாமல் தூக்கி இறக்க வேண்டும். எந்தப் பாறை மேல் நின்றால் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070, ஆம்புலன்ஸுக்கு 108. பேசும்போது ஊர் பெயரோடு, எந்த இடம்வரை வண்டி வர முடியும் என்பதையும் சொல்லுங்கள். இல்லையெனில் அடைபட்ட இடத்தில் வண்டி நின்று திரும்பிவிடும்.

இடி மின்னலில் ஆடுகள் செத்துவிடுகின்றன. புளியமரத்தடியில் ஒதுங்கினால் பாதுகாப்புதானே?
— ஆடு வளர்ப்பவர், பீஞ்சமந்தை

இல்லை ஐயா. மின்னல் உயரமானதைத் தேடி இறங்கும். மரத்தில் இறங்கியது வேர் வழியாகத் தரையில் பரவும். நான்கு கால் விலங்குக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே அந்த மின்சாரம் பாயும்போது இதயத்தின் வழியாகப் பாய்கிறது. ஒரு மரத்தடியில் மந்தையே விழுவது அதனால்தான். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மேட்டிலிருந்து இறங்கிவிடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே மறுபடி ஓட்டுங்கள். கம்பி வேலியைத் தொடாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியில் புணே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி இருந்தால் சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டும்.

கோடையில் புல்லுக்காக மலைக்குத் தீ வைப்பது தலைமுறை வழக்கம். அதற்கும் வெள்ளத்துக்கும் தொடர்பு உண்டா?
— வாசகர், போளூர் வட்டம்

நேரான தொடர்பு உண்டு. புல்லும் சருகும் மழைத்துளியின் அடியை வாங்கி, தண்ணீரை மெதுவாக மண்ணுக்குள் இறக்குகின்றன. கடும் தீ பட்ட சரிவில் அந்தப் போர்வை போய், மண்ணின் மேற்பரப்பு தண்ணீரை உள்ளே விடாமல் தள்ளும் தன்மை பெற்றுவிடுகிறது. முதல் கோடை மழையிலேயே சாம்பலும் மண்ணும் ஓடைக்கு வந்து, ஓடை மேடாகி, ஐப்பசியில் வெள்ளம் கரையேறுகிறது. சிறு செடிகளின் வேர் இரண்டு மூன்று ஆண்டுகளில் மட்கும்போது மண்ணின் பிடிப்பும் போகிறது. உங்கள் முன்னோர் சிறு பரப்பில், ஈரம் இருக்கும்போது, காவல் நின்று வைத்த தீயும், இன்று பங்குனி வெயிலில் வைத்துவிட்டுப் போகிற தீயும் ஒன்றல்ல. காப்புக்காட்டில் தீ வைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் கறவை மாடு அடித்துச் செல்லப்பட்டால் இழப்பீடு உண்டா?
— வாசகர், அணைக்கட்டு

உண்டு. ஒவ்வொரு பேரிடருக்கும் அரசு ஆணை வெளியிட்டுத் தொகையை அறிவிக்கும். 2024 ஃபெஞ்சல் புயலுக்கு எருது, பசு போன்ற மாட்டுக்கு 37,500 ரூபாயும், ஆட்டுக்கு 4,000 ரூபாயும், சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. பயிர் என்றால் 33 விழுக்காடோ அதற்கு மேலோ சேதம் இருக்க வேண்டும். உடல் கிடைத்தால் புதைப்பதற்கு முன் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவித்து, கால்நடை மருத்துவரின் சான்று பெறுங்கள். மாடு அடித்துச் செல்லப்பட்டு உடலே கிடைக்காவிட்டால் அன்றைக்கே எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

தொலைக்காட்சியில் ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை என்கிறார்கள். எங்கள் ஊரில் தூறல்கூட இருக்காது. வேறொரு நாள் எச்சரிக்கை இல்லாமலே கொட்டுகிறது. எதை நம்புவது?
— பத்தாம் வகுப்பு மாணவி, ஜவ்வாது மலை

நல்ல கேள்வி கேட்டாய் அம்மா. எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் கொடுக்கப்படுகிறது. உன் ஓடைக்கென்று தனியாகக் கொடுக்கப்படுவதில்லை. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை என்று வானிலைத் துறை வகுத்திருக்கிறது. மாவட்டத்தில் சில இடங்களிலாவது அந்த அளவு பெய்யக்கூடும் என்பதே எச்சரிக்கையின் பொருள். அதை நம்பு, ஆனால் அதோடு நிற்காமல் உன் ஊர் மழையை நீயே அள.

அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேரான டப்பா ஒன்றை எடுத்துக்கொள். மரமும் கூரையும் இல்லாத வெட்டவெளியில், காற்றில் சாயாதபடி, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் நிறுத்து. தினமும் காலை 8.30 மணிக்கு, நாட்டின் வானிலை நிலையங்கள் அளக்கும் அதே நேரத்தில், உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து, நோட்டில் தேதியோடு எழுதி, தண்ணீரைக் கொட்டிவிடு. கனமழை நாளில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கொட்டாமலே பார்த்து எழுது. மூன்று நாள் மழையைக் கூட்டியும் ஒரு கட்டத்தில் எழுது, ஏனென்றால் மண் நேற்றைய மழையை மறப்பதில்லை.

பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டு, அன்று ஓடை தரைப்பாலத்தைத் தொட்டதா, மேலே வழிந்ததா, பாதையில் எங்கேனும் மண் விழுந்ததா என்று எழுது. இரண்டு பருவம் எழுதிய பிறகு, எத்தனை மி.மீ. பெய்தால் உங்கள் ஓடை பாலமேறுகிறது என்ற எண் அந்த நோட்டில் இருக்கும். அந்த எண்ணைப் பள்ளிச் சுவரில் சிவப்பு மையால் எழுதி, மேலே ஆலங்காயம் ஒன்றியத்து ஆசிரியை கேட்ட கேள்வியைப் படித்துப் பார். உங்கள் ஓடையும் அடிவாரத்தில் ஏதோ ஒரு பள்ளியின் வழியில்தான் போகிறது. அது எந்தப் பள்ளி என்று விசாரித்து, அங்குள்ள ஆசிரியரின் எண்ணைக் கேட்டு வாங்கி, டப்பா அந்தக் கோட்டைத் தொடும் நாளில் அவருக்கு முதலில் சொல்.